டாக்டரிடம் வேலையையும் சொல்லுங்கள்

ஒடுகத்தூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மாதனூர் வழியாக ஆம்பூருக்கு விடிகாலையில் ஓடும் கம்பெனி வண்டிகளில் பெண்கள்தான் அதிகம். ஷூ கம்பெனியில் கட்டிங், தையல், பசை ஒட்டுதல். ஆண்களில் பலருக்கு டேனரி வேலை. வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாத பெண்கள் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலேயே தைத்துக் கொடுத்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். இந்தப் பக்கம் யாரிடம் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தாலும், "எங்க தெருவுலயே நாலு பேருக்கு வந்திருக்கு, எல்லாம் தோல் தண்ணியாலதான்" என்று ஒரு குரல் கேட்கும். அதை ஊர்ப் பேச்சு என்று ஒதுக்குவது தவறு. அதையே முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. யாருக்கு, எங்கே, எந்த உறுப்பில், என்ன வேலை செய்தவருக்கு வந்தது என்று எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எண்ணும் வேலை நம் நாட்டில் நடக்கத்தான் செய்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோதே சென்னையும் அதில் சேர்ந்தது. பொறுப்பு அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு. திண்டுக்கல் அம்பிளிக்கையில் கிராமப்புறப் பதிவேடு பின்னால் வந்தது. 2012இலிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் பதிவேடு விரிந்தது. தமிழ்நாட்டுப் பெண்களிடம் மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் முன்னணியில் இருக்கின்றன, ஆண்களிடம் இரைப்பை, வாய், நுரையீரல் என்று வரிசை போகிறது என்றெல்லாம் நமக்குத் தெரிவது இந்தப் பதிவேடுகளால்தான்.

வேலூர் பக்கம் எண்ணுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், ஆந்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் வேலூர்க் கணக்கில் வரமாட்டார்கள். ஒடுகத்தூர்க்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ வைத்தியம் பார்த்தாலும் அவர் வேலூர்க் கணக்கில் வரவேண்டும். மக்கள்தொகைப் பதிவேட்டின் விதியே அதுதான்: வைத்தியம் எங்கே நடந்தது என்பது பொருட்டல்ல, குடியிருப்பு எங்கே என்பதுதான் கணக்கு. ஒரே ஆள் மூன்று ஆஸ்பத்திரி ஏறியிருந்தால் மூன்று சீட்டையும் ஒன்றாக்கி ஒரு நோயாளியாகத்தான் எண்ண வேண்டும். பேரிலும் முகவரியிலும் பிசகினால் எண்ணிக்கையும் பிசகும். அலைச்சல் குறையட்டும் என்று வேலூரில் இருக்கும் சொந்தக்காரர் முகவரியைக் கொடுப்பவர்களும், ஊரில் தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாதே என்று ஊர்ப் பேரையே மறைப்பவர்களும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதிவேட்டில் ஏறும் பெயர் வெளியே போகாது. வெளியிடப்படுவது எண்கள் மட்டும்தான். சொந்த ஊர் முகவரியைத் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஒடுகத்தூர் வேலூரிலேயே நின்றது; ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின; ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஒடுகத்தூரில் வீடும் ஆம்பூரில் வேலையுமாக இருக்கும் பெண்ணுக்கு நோய் வந்தால் அது வேலூர் மாவட்ட எண். நாள் முழுக்க அவள் மூச்சிழுத்த காற்று இன்னொரு மாவட்டத்தினுடையது. மாவட்ட வாரியான அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும் தோல் வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அதில் கண்ணில் படாது. அதற்கு வேலை என்ன என்று கேட்டு எழுதியாக வேண்டும். அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் "கூலி" என்றோ "இல்லத்தரசி" என்றோ ஒற்றைச் சொல் விழுந்துவிட்டால் இருபது வருஷத் தோல் தூசு அங்கேயே மறைந்துவிடும்.

கேட்டு எழுதியதால் என்ன விளைந்தது என்பதற்கு வெளிநாட்டில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் நம் ஆம்பூரைப் போல பூட்ஸும் ஷூவும் செய்யும் வட்டாரம். மூக்குப் புற்றுநோய் பொதுவாக அபூர்வமானது. அங்கே கூடுதலாக இருந்தது. ஏச்சிசன் என்ற மருத்துவரின் குழு நோயாளிகள் ஒவ்வொருவரும் பார்த்த வேலையைத் துருவிக் கேட்டது. தோல் தூசு அதிகம் பறக்கும் பிரிவுகளில் வேலை செய்தவர்களே அவர்களில் மிகுதி என்று 1970இல் வெளியிட்டார்கள். துருக்கியின் இஸ்தான்புல்லில் முஸாஃபர் அக்சோய் என்ற ரத்தநோய் மருத்துவர், பென்சீன் கலந்த பசையோடு புழங்கிய ஷூத் தொழிலாளர்களிடம் ரத்தப் புற்று கூடுதலாக வருவதை 1974இல் எழுதினார். இரண்டுமே நோயாளியைப் பார்த்து "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று கேட்டதில் பிறந்த அறிவு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தோல் தூசையும் பென்சீனையும் ஆறிணைதிறக் குரோமியத்தையும் உறுதியான புற்றுக்காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. டேனரியில் தோலைப் பதனிட ஊற்றுவது மூவிணைதிறக் குரோமியம். அது அந்தப் பட்டியலில் இல்லை. தோல் பதனிடும் தொழிலை மொத்தமாகக் குற்றவாளி என்று சொல்லவும் போதிய சான்று சேரவில்லை. "தோல் தண்ணி குடிச்சா கேன்சர்" என்ற பேச்சை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான். பாலாற்றுப் படுகையின் நிலமும் நீரும் கெட்டதை உச்ச நீதிமன்றம் 1996இலேயே ஏற்று, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது. 2025 ஜனவரி 30 தீர்ப்பிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொன்னது. அது நிலத்துக்கும் நீருக்குமான நியாயம். உடம்புக்கான நியாயத்துக்கு வேறு வகைச் சான்று வேண்டும்.

இப்போது புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் விஷயத்துக்கு வருவோம். 2023 நவம்பரில் தமிழக அரசு ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் மக்கள் அனைவருக்குமான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது. 18 வயது தாண்டிய எல்லோருக்கும் வாய், 30 தாண்டிய பெண்களுக்கு மார்பகமும் கருப்பைவாயும் பார்க்கிறார்கள். இது பெரிய காரியம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம், மார்பகத்துக்கு 5.6 சதவீதம்தான்.

கருப்பைவாய்ப் பரிசோதனையைப் பற்றி ஏகப்பட்ட பயம் உலவுவதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது. நர்ஸ் ஒரு கருவியால் கருப்பையின் வாயைத் தெரியும்படி செய்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைப்பார். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த சோதனைக்குப் போக வேண்டும் என்பதுதான் அர்த்தம். மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் நடக்கும் இடம் உள்ளே போய்விடுவதால் இந்தச் சோதனை அவ்வளவு துல்லியமாக இருக்காது, அவர்கள் எச்.பி.வி. சோதனை கிடைக்குமா என்று கேட்கலாம்.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்தது நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள். 2000இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுக்குள் இருந்த 49,311 பெண்கள் ஒரு பிரிவில், 30,958 பேர் ஒப்பீட்டுப் பிரிவில். பயிற்சி பெற்ற நர்சுகளே பார்த்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் கருப்பைவாய்ப் புற்று 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்கு அந்தச் சோதனை அளிக்கப்படவில்லை. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் திண்டுக்கல்லிலும் நடந்த இத்தகைய மூன்று ஆய்வுகளிலும் இப்படிச் சோதனையில்லாமல் விடப்பட்ட பிரிவுகளில் 254 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றால் இறந்தார்கள். அது பின்னாளில் கடுமையான அறக் கேள்வியாக எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். அறிவு கிடைத்தது, ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் ஏழைப் பெண்கள். ஆகவே நாளை யாராவது உங்கள் ஊருக்கு ஆய்வு என்று வந்தால், எனக்கு என்ன சோதனை கிடைக்கும், எது கிடைக்காது, நோய் தெரிந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்று கேளுங்கள். விவரத்தாள் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நடுவில் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்வது இதைத்தான்.

அரசு முகாமிலும் உங்களுக்கு உரிமை உண்டு. மறைப்புக் கேட்கலாம், பெண் நர்ஸ் பார்க்கச் சொல்லலாம், இப்போது வேண்டாம் என்று சொல்லலாம். முக்கியமாக, முடிவை எழுத்தில் வாங்குங்கள். "ஒண்ணுமில்ல போங்க" என்று வாய்ச்சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். மேற்சோதனைக்கு அனுப்பினால் எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள், யாரைப் பார்ப்பது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒடுகத்தூரிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அந்த ஒரு நாளைப் பார்த்துத் தள்ளிப் போடுகிறவர்களுக்குத்தான் நோய் முற்றிய பிறகு தெரியவருகிறது.

தோல் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி வேறு ஒன்றும் இருக்கிறது. முகாமில் பார்ப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் மட்டும். தோல் தூசால் வரக்கூடியது மூக்கிலும் அதைச் சுற்றிய குழிகளிலும். பென்சீனால் வரக்கூடியது ரத்தத்தில். 1990களில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பழைய பென்சிடின் சாயங்களால் வரக்கூடியது சிறுநீர்ப்பையில். இந்த மூன்றுக்கும் ஊர் முழுக்கச் செய்யும் சோதனை கிடையாது. எனவே முகாமில் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை வைத்து இவற்றைப் பற்றி நிம்மதி அடைய முடியாது. ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்து ரத்தம் கலந்து வடிந்தாலும், வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தாலும், காரணமில்லாத சோர்வும் அடிக்கடி காய்ச்சலும் தோலில் ரத்தக் கன்றலும் சேர்ந்து வந்தாலும் டாக்டரிடம் போங்கள். போய், "பஃபிங்ல பதினஞ்சு வருஷம் வேலை பார்த்தேன்", "சொலூஷன் ஒட்டுற வேலை" என்று அப்படியே சொல்லுங்கள். சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். எழுதிய பதிவின் நகலை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

பணத்துக்கு வழி? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டவர்களுக்கு வைத்தியம் இலவசம். நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து 156 நாள் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம் வீதத்தில் இரண்டு ஆண்டு வரை நீளும். இது தெரியாமல் தாலியை அடகு வைக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து ஷூ தைப்பவர்கள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கிறார்கள். பெரிய கொடுமை இது, சங்கங்கள் தொடர்ந்து பேச வேண்டியது. அவர்களுக்கு இப்போதைக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. சந்தேகம் இருந்தால் 104க்கு அழைத்துக் கேட்கலாம். நாற்பது வயது தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின் கடமை. நிர்வாகத்திடம் அந்தப் பரிசோதனையின் முடிவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

வேலையை விட்டவர்களும் இதைப் படிக்க வேண்டும். தொழிலால் வரும் புற்று பத்து, இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட தலைகாட்டும். அதற்குள் கம்பெனி மூடியிருக்கும், சூப்பர்வைசர் போயிருப்பார். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ., பி.எஃப். எண்கள், எந்தப் பிரிவில் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று எழுதிய ஒரு தாள் இவற்றை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.