எண்ணிக்கை சரி, பிள்ளை எங்கே?

கிறிஸ்து பிறப்பு விழாக் காலம் வந்தால், ஒரே திரைப்படத்தை ஆண்டுதோறும் குடும்பமாக அமர்ந்து பார்க்கும் வழக்கம் உலகில் பல நாடுகளில் உண்டு. பத்தாம் முறை பார்க்கும் பிள்ளைக்குக் கதையில் புதுமை இராது. ஆகவே அவன் பிழை தேடத் தொடங்குகிறான். இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; பிள்ளைகளின் இந்த ஆர்வத்தை நாம் குறைகூற முடியாது. இத்தகைய தேடலுக்குப் பெரிதும் இடந்தரும் நகைச்சுவைப் படம் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

'ஹோம் அலோன்' என்பது அதன் பெயர். 'வீட்டில் தனியே' என்று பொருள். ஜான் ஹியூஸ் எழுதித் தயாரிக்க, கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். 1990 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. சிகாகோ நகரின் அருகே வாழும் ஒரு பெரிய குடும்பம் விழா விடுமுறைக்குப் பாரிஸ் புறப்படுகிறது. அவசரத்தில் கெவின் என்னும் 8 வயதுச் சிறுவனை வீட்டிலேயே விட்டுவிடுகிறது. தனித்து நிற்கும் அச்சிறுவன், வீடு புகும் இரு திருடர்களைத் தன் தந்திரங்களால் விரட்டுவதே கதை.

பிழையா, பிழையில்லையா?

பிழை தேடுவோர் முதலில் சுட்டிக்காட்டுவது தொலைபேசியை. முதல்நாள் இரவு வீசிய காற்றில் மின்கம்பி அறுந்துவிடுகிறது. மின்சாரம் திரும்பிவிட்டது என்றும், தொலைபேசி சீராக இரண்டொரு நாள் ஆகும் என்றும் பணியாளர் ஒருவர் மறுநாள் காலை தாயிடம் கூறுகிறார். ஆயினும் கெவினின் வீட்டு வாயிலுக்குப் பீட்சா வந்து சேருகிறது! இறுதியில் அவன் அதே வீட்டிலிருந்து காவல் துறையையும் அழைக்கிறான். வெளியூர்த் தொடர்பு மட்டுமே பழுதாகியிருக்கலாம் என்று படத்தின் அன்பர்கள் வாதாடுவர். படம் அதற்கு விடை சொல்லவில்லை.

அடுத்தது, காயங்கள். உச்சியிலிருந்து விழும் இஸ்திரிப் பெட்டி முகத்தில் மோதுகிறது. கயிற்றில் கட்டிய வண்ணக் குவளை தலையைத் தாக்குகிறது. தீச்சுடர் தலைமுடியைக் கருக்குகிறது. திருடர்களோ எழுந்து மீண்டும் ஓடுகின்றனர். உண்மையில் இவற்றுள் ஒன்றே ஒருவனை மருத்துவமனைக்கு அனுப்பப் போதும். உயிரையே பறித்தாலும் வியப்பில்லை. நகைச்சுவைக்காகச் செய்யப்பட்ட இந்த மிகையைச் சிறு பிள்ளைகளுக்கு அருகிருந்து விளக்குவது பெற்றோரின் கடமை.

மூன்றாவது, தூய்மை. தாரும் இறகும் வண்ணமும் சிதறிய வீடு, விழாநாள் காலையில் பளிச்சென்று இருக்கிறது. 8 வயதுச் சிறுவன் ஓர் இரவுக்குள் அத்தனையையும் துடைத்திருப்பானா? தரையில் கிடக்கும் ஒரு தங்கப் பல் மட்டும் தந்தையின் கையில் அகப்படுகிறது. அண்ணனின் அறையோ அலங்கோலமாகவே கிடக்கிறது என்பதைப் படத்தின் கடைசிக் கூச்சல் நமக்குத் தெரிவிக்கிறது!

ஆனால் பிழை என்று பலர் நினைக்கும் ஒன்று பிழையே அன்று. ஒரு பயணி குறைந்திருக்க, அவனுடைய பயணச்சீட்டு மிஞ்சியதை எவரும் ஏன் கவனிக்கவில்லை? முதல்நாள் இரவு உணவு மேசையில் பால் கொட்டிவிடுகிறது. தந்தை அதைத் துடைத்து, நனைந்த தாள்களைக் குப்பையில் எறிகிறார். அந்தத் தாள்களோடு கெவினின் பயணச்சீட்டும் போய்விடுகிறது. கண் இமைக்கும் நேரமே தோன்றும் இக்காட்சியைத் தவறவிட்டவர்கள், இயக்குநர்மீது பழி போடுகின்றனர். பிழை காண்பவருக்கும் பொறுமை வேண்டும்.

திரைக்குப் பின்னால்

படத்தில் காணும் வீடு வின்னெட்கா என்னும் ஊரில் உள்ளது. வீட்டின் உட்புறக் காட்சிகளில் பெரும்பாலானவை பள்ளிக் கட்டடம் ஒன்றினுள் அமைத்த அரங்குகளில் எடுக்கப்பட்டவை. ஆலயக் காட்சியிலும் இத்தகைய விந்தை உண்டு: வெளியே தெரிவது வில்மெட் நகரிலுள்ள ஓர் ஆலயம், உள்ளே தெரிவது ஓக் பார்க் நகரிலுள்ள மற்றோர் ஆலயம். கெவின் பார்க்கும் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் உண்மையில் பழைய படம் அன்று. இக்கதைக்கென்றே புதிதாக எடுக்கப்பட்டது. திருடனின் முகத்தில் ஊர்ந்த பெருஞ்சிலந்தி மட்டும் மெய்யானது. கண்ணாடி உருண்டைகளை மிதித்த அவன் கால்களுக்கு இரப்பர்ப் பாதங்கள் காப்பாக இருந்தன.

அண்ணனின் காதலி என்று ஒரு நிழற்படத்தைக் கண்டு கெவின் முகம் சுளிக்கும் காட்சி ஒன்று உண்டு. உண்மையான ஒரு சிறுமியை உலகமே பார்த்து நகைக்கும்படி செய்வது கொடுமை என்று கருதிய இயக்குநர், ஒரு பையனுக்குப் பெண் வேடமிட்டு அந்தப் படத்தை எடுக்கச் செய்தார். சிரிப்பூட்டும் தொழிலிலும் ஒருவர் மனம் நோகாதபடி பார்த்துக்கொண்ட இச்செய்தி, மற்றெல்லாத் துணுக்குகளிலும் நமக்குப் பிடித்தது.

ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசையும் ஒரு பாடலும் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

கதைக்குள்ளே நிகழ்ந்த பெரும் பிழை

இத்தனை பிழைகளையும் தேடிய நாம், படத்திலுள்ளவர்கள் செய்த பிழையைச் சற்று எண்ணிப் பார்ப்போமா?

புறப்படும் காலையில் மூத்த பெண்ணொருத்தி பிள்ளைகளின் தலைகளை எண்ணுகிறாள். 11 பேர், கணக்கு சரி. ஆனால் வண்டியருகே வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் சிறுவனும் அக்கணக்கில் சேர்ந்துவிட்டான். எண்ணிக்கை சரியாக இருந்தது, பிள்ளை இல்லை. முதல்நாள் இரவே அவனை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பெட்டி கட்டத் தெரியாமல் தவித்தவனை அனைவரும் கேலி செய்தனர். சண்டையில் அவன்மீது மட்டும் குற்றம் சுமத்தி மாடிக்கு அனுப்பிவிட்டனர். வீட்டை விட்டுப் புறப்பட்ட காலையில் அவனை மறந்ததாக நாம் நினைக்கிறோம். அவர்களோ முந்திய மாலையே மறந்துவிட்டார்கள்.

இன்னொரு பிழை, தெருவில் வாழும் முதியவர் மார்லியைப் பற்றியது. பனி வாரும் மண்வெட்டியால் தம் குடும்பத்தையே கொன்றவர் என்று சிறுவர்கள் கதை கட்டுகின்றனர். அவரைக் கண்டாலே கெவின் நடுங்குகிறான். விழாவின் முன்மாலை, ஆலயத்தில் பாடகர் குழுவின் பாடலைக் கேட்டு அமர்ந்திருக்கும்போது, அவரே அவனருகில் வந்து அமர்கிறார். மகனோடு மனத்தாங்கல் கொண்டு பல ஆண்டுகள் பேசாதிருப்பவர். பேத்தி பாடுவதைக் கேட்க ஓசையின்றி வந்திருக்கிறார். மகனை அழைத்துப் பேசும்படி சிறுவன் அவருக்கு வழி சொல்கிறான். எந்த மண்வெட்டியைப் பற்றி ஊரார் கதை கட்டினார்களோ, அதே மண்வெட்டியால்தான் அவர் அன்றிரவு திருடர்களிடமிருந்து கெவினைக் காப்பாற்றுகிறார். மறுநாள் காலை மகனும் பேத்தியும் அவர் வாயிலில் நிற்கின்றனர்.

குற்றம் பார்த்துக்கொண்டே இருந்தால் சுற்றம் நிலைக்காது என்று நம் முன்னோர் சொன்னது மார்லிக்கும் பொருந்தும். அவரைப் பழித்த தெருவுக்கும் பொருந்தும்.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இது: இப்படத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். தொலைபேசியையும் தங்கப் பல்லையும் தேடிச் சிரியுங்கள். தீயையும் இரும்பையும் கொண்டு விளையாடலாகாது என்று எச்சரியுங்கள். படம் முடிந்தபின், "கெவினுக்கு எப்போது மிகவும் வருத்தமாக இருந்தது?" என்று கேளுங்கள். திருடர் வந்தபோது என்று சிலர் சொல்வர். வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த முதல் இரவில் என்று உங்கள் பிள்ளைகளில் ஒருவன் மெல்லச் சொன்னால், விளக்கை அணைக்குமுன் அவன் அருகில் சற்று நேரம் அமருங்கள். அவனுக்கு உங்களிடம் சொல்ல ஏதோ இருக்கிறது.