கமிட்டுக்கு முன்னாடி ஒரு செக்போஸ்ட்

நாலு பேர் சேர்ந்து செய்யற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஒரே கிட் ரெப்போ. யாராவது ஏபிஐ கீயோட புஷ் பண்ணிட்டா, அடுத்த கமிட்ல அழிச்சாலும் ஹிஸ்டரியில் அது அப்படியே இருக்கும். கீயையே மாத்தணும். அதனால தடுக்க வேண்டிய இடம் கமிட்டுக்கு முன்னாடிதான்.

இதுக்குக் கிட்டிலேயே ஹூக் இருக்கு. ஆனா க்ளோன் பண்ணும்போது ஹூக் கூட வராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 'ப்ரீ-கமிட்' டூல். பிப் மூலமா போடுங்க. என்னென்ன சோதனை வேணும்னு ஒரு யாமல் ஃபைல்ல எழுதி, அதையும் ரெப்போவில் சேருங்க. பிறகு நாலு பேரும் அவங்கவங்க லேப்டாப்பில் ஒரு தடவை 'ப்ரீ-கமிட் இன்ஸ்டால்' கொடுக்கணும்.

ஆரம்பத்துக்கு மூணு போதும்: ரகசியக் கீயைத் தேட கிட்லீக்ஸ், கோடை ஒரே மாதிரி அடுக்க பிளாக், பெரிய ஃபைலைத் தடுக்க ஒண்ணு, இதோட டீஃபால்ட் வரம்பு 500 கேபி. பிளாக் ஃபைலை மாத்தினா கமிட் நின்னுடும். பயப்படாதீங்க, மறுபடி 'கிட் ஆட்' பண்ணிக் கமிட் அடிங்க.

நேரம் பிடிக்கிற டெஸ்ட்டை இதில் போடாதீங்க. காத்திருக்கப் பொறுமை இல்லாம எல்லாரும் 'நோ-வெரிஃபை' போட்டுத் தாண்டிடுவாங்க. அதனாலேயே, இதே சோதனைகளைக் கிட்ஹப் ஆக்ஷன்ஸிலும் ஓட விடுங்க. அங்கே தப்பினாதான் மெர்ஜ்!