இதெல்லாம் ஒரு துறைமுகமா?

எங்கள் வங்கி இந்த வருஷம் ரொம்பத் தாராளம். வட்டி விஷயத்தில் இல்லை, காலண்டர் விஷயத்தில்! பன்னிரண்டு தாள், வழவழ காகிதம், 'உலகின் அழகிய துறைமுகங்கள்' என்று தலைப்பு. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தோம்.

தூத்துக்குடியிலிருந்து மாமா வரும்வரை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 1978-லிருந்து 2010 வரை சரக்குக் கப்பல்களில் வேலை. டெக் துடைக்கிற ஆளாகச் சேர்ந்து போசனாக ரிட்டயர் ஆனவர். போசன் என்றால் டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் மகனும் கப்பலில்தான்; இப்போது செகண்ட் ஆபீசர். அடுத்த கப்பல் ஏறுவதற்கு முன் மெடிக்கல் டெஸ்ட்டுக்காகச் சென்னை வந்திருந்தான். மாமா துணைக்கு வந்திருந்தார். (பையனுக்கு முப்பத்தொரு வயசு.)

காபி டம்ளரோடு மாமா காலண்டர் முன்னால் போய் நின்றார். அந்த மாதத்துக்கு சிட்னி. நீலத் தண்ணீர், வெள்ளைப் பாய்ப்படகுகள், ஓபரா ஹவுஸ், வளைந்த பாலம்.

"இதெல்லாம் ஒரு துறைமுகமா, மருமவனே?" என்றார்.

என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. காலண்டர் அவளுடைய அக்கவுண்ட்டுக்கு வந்தது.

"நீங்க சிட்னி பாத்திருக்கீங்களா மாமா?"

"நாலு வாட்டி போயிருக்கேன். பாக்கல."

விளக்கம் கேட்டேன். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற நேரத்தில் போசன் எங்கே நிற்பான்? கப்பலின் மூக்கில், நங்கூரத்துக்கும் கயிறுகளுக்கும் நடுவில். ஒவ்வொரு கயிறும் நல்ல கனமாக இருக்கும். விறைத்து நிற்கும்போது அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வந்து, நிற்கிறவன் காலை வாங்கிக்கொண்டு போய்விடும். "நான் கயித்தப் பாப்பனா, பாலத்தப் பாப்பனா?"

நான் விடவில்லை. காலண்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை எடுத்துவிட்டேன். 1770-ல் கேப்டன் குக் அந்த வாசல் வழியாகப் போனவர், 'போர்ட் ஜாக்சன்' என்று பேர் மட்டும் வைத்துவிட்டு உள்ளே நுழையாமலே போய்விட்டார். பதினெட்டு வருஷம் கழித்து ஆர்தர் பிலிப் உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, உலகத்திலேயே இதைவிட நல்ல துறைமுகம் கிடையாது என்று லண்டனுக்கு எழுதினார்.

"அந்தக் கேப்டன் கயிறு புடிச்சாரா?" என்றார் மாமா.

இந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் பேப்பர் வாங்க வந்தார். அவர் ரிட்டயர்டு சீஃப் இன்ஜினீயர். ஒரு கப்பல்காரரை இன்னொரு கப்பல்காரர் அரை நிமிஷத்தில் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். ஐந்தாவது நிமிஷம் இரண்டு பேரும் என் சோபாவில்.

"சார், நீங்க சொல்லுங்க. ரியோ டி ஜெனிரோ அழகுதானே?" என்று ஆதரவு தேடினேன். பிப்ரவரித் தாள் ரியோ. 1502 ஜனவரியில் வந்த போர்ச்சுகீசியர்கள் அந்த விரிகுடாவை ஆற்று முகத்துவாரம் என்று நினைத்து 'ஜனவரி ஆறு' என்று பேர் வைத்தார்களாம். ஆறே இல்லாத ஆறு. கடலோரத்திலேயே மலைகள் செங்குத்தாக எழும்பி, ஒன்றின் உச்சியில் 1931-லிருந்து ஏசு சிலை கை விரித்து நிற்கிறது.

"ஆறு தடவை போயிருக்கேன். கடல் தண்ணி இருபத்து நாலு, இருபத்தஞ்சு டிகிரி" என்றார் சீஃப்.

"மலை?"

"மலையை யார் பார்த்தா? கப்பல் உள்ளே வர்றப்பவும் வெளியே போறப்பவும் நான் கீழே இன்ஜின் பக்கத்துலதானே இருக்கணும்!"

இன்ஜின் ஆட்கள் ஊரை அடிவயிற்றிலிருந்து பார்க்கிறவர்கள். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுப்பார்கள். வழியில் ஒரு பெரிய வடிகட்டி இருக்கும். அதில் என்ன வந்து அடைக்கிறது என்பதை வைத்துத்தான் இவர் துறைமுகங்களுக்கு மார்க் போடுகிறார். சில இடத்தில் சேறு. சில இடத்தில் பிளாஸ்டிக் பை. சில இடத்தில் ஜெல்லி மீன், கூடை கூடையாக. "உங்களுக்கு பிக்சர் போஸ்ட்கார்டு. எனக்கு வடிகட்டி" என்றார்.

மாமாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. அவர் கப்பலில் இருந்த சமையல்காரருக்கு வெங்காயமும் கொத்தமல்லியும் கிடைக்கிற ஊர்தான் அழகாம். பனி மூடிய மலையடிவாரத்தில் கப்பல் நின்றபோது எல்லோரும் கேமராவோடு ஓட, அவர் மட்டும் கரையைப் பார்த்து, "ஒரு பச்சை இலை இல்லாத ஊரு" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

நான் பி.காம். இரண்டு பக்கமும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று கொஞ்சம் புரட்டிப் பார்த்ததில், மாலுமிகள் என்றைக்குமே டேலி ஆனதில்லை என்று தெரிந்தது.

ஆப்பிரிக்காவின் தென்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1488-ல் பார்த்தலோமியோ டயஸ் அதைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். புயலில் படாத பாடு பட்டவர் 'புயல் முனை' என்று பேர் வைத்ததாகவும், போர்ச்சுகல் ராஜா அதை 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றியதாகவும் சொல்வார்கள். ராஜா லிஸ்பனில் இருந்தார்; நம்பிக்கை வைப்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. 1580-ல் பிரான்சிஸ் டிரேக் அந்தப் பக்கம் போனபோது வானம் வெளுத்திருந்தது போலிருக்கிறது. உலகம் சுற்றியதில் இவ்வளவு அழகான முனையைப் பார்த்ததில்லை என்று அந்தப் பயணக் குறிப்பு சொல்கிறது. அதே பாறை, அதே கடல். மாறினது காற்று மட்டும்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது ரிச்சர்ட் ஹென்றி டானாவின் கதை. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தவர். அம்மை போட்டுக் கண் பலவீனமாகிப் புத்தகம் படிக்க முடியாமல் போகவே, 1834-ல் பாஸ்டனில் 'பில்கிரிம்' என்ற கப்பலில் சாதாரண மாலுமியாக ஏறிவிட்டார். போன இடம் கலிஃபோர்னியா. அப்போது அது மெக்சிகோ வசம். ஹாலிவுட் கிடையாது. மாட்டுத்தோல்தான் சரக்கு. கரையில் தோலைத் தலையில் சுமந்து, அலைக்குள் இறங்கிப் படகில் ஏற்ற வேண்டும்.

இதில் சான் பெட்ரோ என்ற இடம் மாலுமிகளுக்கு ஜென்ம விரோதி. பெரிய மேடு, சாமானை அதில் உருட்டி, தள்ளி, மூச்சு வாங்கி ஏற்ற வேண்டும். ஒரு மரம் கிடையாது. கலிஃபோர்னியாவின் நரகம் என்றே கப்பலில் பேச்சு. அதே கடற்கரையில் சான் ஹுவான் என்ற இடத்தில் செங்குத்தான பாறை. மேலே நின்று தோலைக் கீழே வீசுவார்கள். ஒரு நாள் சில தோல்கள் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ள, டானா கயிற்றில் தொங்கி இறங்கி எடுத்து வந்தார். அரை டஜன் தோலுக்காக உயிரைப் பணயம் வைத்த முட்டாள் என்று கூட இருந்தவன் திட்டினான். ஆனால் டானாவுக்கு அந்தக் கரையிலேயே மனசைத் தொட்ட இடம் அது ஒன்றுதான். 1840-ல் வந்த அவருடைய புத்தகத்தில் எழுதியும் வைத்தார். இன்றைக்கு அந்த இடத்துக்கு டானா பாயின்ட் என்றே பேர். சான் பெட்ரோ? லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தின் ஒரு பகுதியாகி, அமெரிக்காவிலேயே அதிகமாகக் கன்டெய்னர் கையாளுகிற இடம் ஆகிவிட்டது.

"பாத்தியளா?" என்றார் மாமா, ஏதோ டானா தன் கட்சி என்பது போல. "தலைச்சுமை தூக்கினவனக் கேக்கணும் ஊரப் பத்தி."

"சரி, அப்போ உங்களுக்கு எந்தத் துறைமுகம்தான் அழகு?"

"போர்ட் ஹெட்லண்ட்."

சீஃப் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு ஓரத்தில் இரும்புத் தாது ஏற்றும் ஊர். பாலைவனம். தாதுப் பொடி படிந்து தரை, கூரை, கார் எல்லாமே செங்கல் நிறம். "அங்க நாய்கூட சிவப்பாத்தான் இருக்கும்" என்று மாமாவே ஒப்புக்கொள்கிறார்.

1994-ல் அவர் கப்பல் அங்கே நின்றது. வீட்டில் அத்தை நிறைமாதம். மாலுமிகளுக்கான மிஷன் ஆட்கள் ஒரு வேனில் வந்து கூட்டிக்கொண்டு போய், போன் இருக்கிற இடத்தில் இறக்கிவிட்டார்கள். தூத்துக்குடியில் வீட்டில் போன் கிடையாது. மூன்றாவது வீட்டு பி.பி. நம்பர். அவர்கள் ஓடிப்போய் ஆச்சியைக் கூட்டி வருவதற்குள் கார்டில் பாதிப் பணம் கரைந்துவிட்டது. ஆச்சி மூச்சிரைக்க, "ஆம்பளப் புள்ளடே!" என்றாள். தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்பதற்குள் கார்டு தீர்ந்து கட். அங்கிருந்து ஜப்பான் போகிற பத்து நாளும் மாமா அந்த மூன்று எழுத்துக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பெயிண்ட் அடித்தாராம்.

"அப்படியும் அந்த ஊரு அழகா?"

"வேன் வந்துச்சுல்லா" என்றார்.

இதைச் சொல்லும்போது, அந்த 'ஆம்பளப் புள்ள' மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் தலைமுறைக்கு இந்தச் சண்டையே கிடையாது. 1956-ல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 இரும்புப் பெட்டிகளைக் கொண்டு போனதில் ஆரம்பித்தது வினை. மாமா சேர்ந்த காலத்தில் மூட்டை மூட்டையாக இறக்க வாரக்கணக்கில் ஆகும். ஊரைச் சுற்றலாம், திட்டலாம். இப்போது கன்டெய்னர் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. 2004-ல் வந்த பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு கேட் தாண்டுவதே ஒரு வேலை. அமெரிக்காவில் தனி விசா இல்லாவிட்டால் கால் வைக்க முடியாது. "ரோட்டர்டாம் நாலு தடவை போயிருக்கேன்" என்றான் பையன். "கிரேன் நல்லா இருந்துச்சு." கப்பல் நின்ற இடத்துக்கும் ஊருக்கும் நாற்பது கிலோமீட்டராம்.

சீஃப் பேச்சை மாற்ற நினைத்து, "அப்போ உங்க தூத்துக்குடி?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பகீரென்றது.

வெளியூர் மாலுமியைக் கேட்டால் தூத்துக்குடிக்கு மார்க்கே விழாது. தட்டையான கரை, உப்பளம், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். மாமாவே, "கப்பல்லேர்ந்து பாத்தா நம்ம ஊரு அஞ்சு பீடி பத்த வச்ச மாதிரி இருக்கும்" என்பார்.

2020 மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்குப் போன நான், 25-ஆம் தேதி ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். பையன் அப்போது தேர்ட் ஆபீசர். முந்தின ஜூனில் ஏறியவன். ஒன்பது மாசக் கான்ட்ராக்ட் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. மாற்று ஆள் வர வழியில்லை. அந்த நிலைமையில் ஏப்ரல் முதல் வாரம் அவன் கப்பல் இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வந்த இடம்... தூத்துக்குடி! இறங்க அனுமதி இல்லை. கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. செல்போன் சிக்னல் மட்டும் வந்தது.

ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொன்னார்களே, அந்த நாள். எட்டிலிருந்து பன்னிரண்டு தேர்ட் ஆபீசரின் வாட்ச். பிரிட்ஜில் அவன்தான் இருப்பான். நாங்கள் எல்லோரும் மொட்டை மாடியில். கடலில் ஏழெட்டுக் கப்பல்களின் விளக்குகள்.

ஆச்சிக்குக் கண் மங்கல். "எதுலடே எம் பேரன் இருக்கான்?" என்றாள்.

மாமா போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கப்பலிலிருந்து வெள்ளை வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. சைகை விளக்கு. மூன்று தரம், நிறுத்தி, மறுபடி மூன்று தரம். ஆச்சி கையில் இருந்த அகல் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கினாள். எண்ணெய் புடவையில் வழிந்தது, அவள் இறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கப்பல் உள்ளே வந்து நிலக்கரியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. இந்திய மாலுமிகள் நம் துறைமுகங்களில் ஏறி இறங்க மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது ஏப்ரல் 21-ல். அந்த வருஷக் கடைசியில் உலகம் முழுக்க சுமார் நான்கு லட்சம் மாலுமிகள் இப்படிக் கப்பலிலேயே மாட்டிக்கொண்டிருந்ததாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. அவர்களில் எங்கள் பையன் அக்டோபரில் வீடு வந்து சேர்ந்தான். ஆச்சி ஜூலையிலேயே போய்விட்டாள்.

"அந்த ராத்திரி நம்ம ஊரு இருந்த அழகு இருக்கே, சீஃப் சார்..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நீங்க மாடியிலேர்ந்து பாத்தீங்கப்பா" என்றான் பையன். செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அங்கேயிருந்து பாத்தா, ஒண்ணொண்ணா வீட்டு விளக்கெல்லாம் அணையுது. சிம்னி மட்டும் நிக்குது. நான் அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் கரையில சிம்னி தெரிஞ்சா அந்தப் பக்கம் திரும்பறதில்ல."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சீஃப் காலண்டரை டிசம்பர் வரை புரட்டிவிட்டு மறுபடி சிட்னிக்கே கொண்டுவந்து விட்டார்.

"தம்பி, உனக்கு எங்கே ஜாயினிங்?" என்று கேட்டார்.

"போர்ட் ஹெட்லண்ட் சார். வர்ற வாரம்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த வேன் இன்னமும் வருதான்னு பாத்துச் சொல்லு மக்கா."