ஆர். ஏ. கோபாலசுவாமி

ஆர். ஏ. கோபாலசுவாமி இந்தியக் குடிமைப் பணி அதிகாரியும், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை (1951) நடத்திய தலைமைப் பதிவாளரும் ஆவார்.

கணக்கெடுப்பு

1948 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் கணக்கெடுப்பு இதுவாகும். நாட்டின் மக்கள்தொகை சுமார் 36 கோடி எனவும், எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடு எனவும் தெரியவந்தது. மதுரை நகரின் மக்கள்தொகை 1941 இல் சுமார் 2.39 இலட்சமாக இருந்து, பத்தாண்டுகளில் 3.61 இலட்சமாக உயர்ந்திருந்தது. விடுபட்டவர்களை மதிப்பிடுவதற்கான மாதிரி மறுசோதனையும் இந்தியாவில் முதன்முறையாக அப்போதே நடத்தப்பட்டது.

கருத்தும் விளைவும்

உணவு உற்பத்தி மக்கள் பெருக்கத்திற்கு ஈடுகொடுக்காது என இவர் தம் அறிக்கையில் எச்சரித்தார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்று, அவர்களுள் ஒருவரேனும் உயிருடன் இருக்கும் தாய்க்கு நிகழும் அடுத்த பிறப்பை 'முன்யோசனையற்ற தாய்மை' என வகைப்படுத்தினார்.

பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்தபோது அறுவை முறைக் கருத்தடையை வலியுறுத்தினார். கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்குச் சென்னை அரசு 1956 முதல் பணம் வழங்கியது. வறுமையில் உள்ளவருக்குப் பணம் தருவது அவரது விருப்பத்தை மதிப்பதா, வளைப்பதா என்பது இத்தகைய திட்டங்கள் பற்றிய நீங்காத விவாதமாகும்.

தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8 ஆகும். இது மக்கள்தொகையை நிலைநிறுத்தத் தேவையான 2.1 ஐ விடக் குறைவு.