மெஷின் முந்தி, மனு பிந்தி

சிறுதொழிலுக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ‘அதெல்லாம் ஆளுங்கட்சிக்காரனுக்குத்தான் கிடைக்கும்’ என்று தொடக்கத்திலேயே கையை உதறிவிடுகிறவர்கள் ஒரு சாரார். ‘தெரிந்த ஆளைப் பிடித்தால் மூன்றே மாதத்தில் பணம் கைக்கு வரும்’ என்று நம்பி, தரகனிடம் ஆதார் நகலையும் முன்பணத்தையும் சேர்த்து ஒப்படைக்கிறவர்கள் மற்றொரு சாரார். இவ்விருவரையும்விட என் மனத்தை வருத்துகிறவர்கள் மூன்றாவது சாரார்: தகுதியும் உழைப்பும் நாணயமும் நிறைந்திருந்தும், செய்ய வேண்டிய காரியங்களை முன்பின் மாற்றிச் செய்துவிட்டதனாலேயே, சட்டப்படி தமக்குச் சேர வேண்டிய தொகையை இழந்து நிற்பவர்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்வரும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கே இவர்களைக் காணாமல் திரும்பிய சந்தர்ப்பம் அபூர்வம்.

பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க நினைத்தார். கண்காட்சியில் செக்கு விற்பவன் ‘இந்த வாரம் எடுத்தால் விலை குறைவு’ என்று ஆசை காட்ட, மனைவியின் நகையை அடகு வைத்து, ரொக்கமாகக் கொடுத்து மெஷினை வாங்கி, கொட்டகையில் மாட்டி, மூன்று மாதம் எண்ணெயும் ஆட்டி விற்ற பிறகு, பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடனுக்கு மனுப் போட்டார். வங்கி மேலாளர் பில்லில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஏற்கெனவே ஓடுகிற யூனிட் ஆயிற்றே, புதுசுக்குத்தானே கடன்” என்று காகிதங்களைத் திருப்பித் தள்ளினார். அவர் சொன்னது சட்டப்படி சரியே. அந்தத் திட்டத்தின் முதல் கடன் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே உரியது. மனு முதலில், வங்கியின் அனுமதிக் கடிதம் அடுத்து, மெஷின் அதற்கும் பிறகு. கொட்டேஷன் வாங்கலாம், பில் வாங்கக் கூடாது. இதைத் திரும்பவும் சொல்லுகிறேன், ஏனென்றால் கேட்டவர்களும் கேளாதவர்கள்போல் நடந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன்: வங்கியின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரையில் எந்த மெஷினுக்கும் பணம் கட்டாதீர்கள்.

2008-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணக்கை விளங்கிக்கொள்ளாததனால் வரும் ஏமாற்றமும் கொஞ்சமன்று. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான முதலீட்டுக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. ஒரு கிராமத்துப் பெண்மணி 10 லட்சம் ரூபாயில் அப்பளத் தொழில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் கையிலிருந்து 50,000 போட வேண்டும்; மீதி ஒன்பதரை லட்சத்தை வங்கி கடனாகக் கொடுக்கும்; மானியமான மூன்றரை லட்சம் அவர் கைக்கு வராது. அது வங்கிக்கே வந்து, அவர் பெயரில் மூன்று வருஷ வைப்பாக நிற்கும். அந்த வைப்புக்கு வட்டி இல்லை, அதற்குச் சமமான கடன் தொகைக்கும் வட்டி இல்லை. மூன்று வருஷம் தொழில் நடந்திருக்கிறது என்று நேரில் வந்து பார்த்துச் சரிபார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். இடையில் தொழிலை மூடிவிட்டால் மானியம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும். முழுக் கடனும் தலையில் நிற்கும். ‘மானியத்தை எடுத்துக்கொண்டு மெஷினை விற்றுவிடலாம்’ என்று தரகன் சொல்லிக் கொடுத்த புத்தியைக் கேட்டு வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நிலம் வாங்கும் செலவு இத்திட்ட மதிப்பில் சேராது என்பதையும், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கே கடன் என்பதையும் நினைவில் வைப்பது நலம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. திட்ட அறிக்கை எழுதித் தரும் ஆடிட்டருக்கு அவருடைய கூலியைக் கொடுங்கள். ‘மேலே கொடுக்க வேண்டும்’ என்று கேட்கிறவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

மாநில அரசாங்கத்தின் திட்டங்கள் தனி. வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்தில் 15 லட்சம் வரையிலான முதலீட்டுக்கு 25 சதவீதம், உச்சவரம்பு 3.75 லட்சம், ‘நீட்ஸ்’ என்று வழங்கும் புதிய தொழில்முனைவோர் திட்டத்தில் 25 சதவீதம், 75 லட்சம் வரை, அதன்மேல் 3 சதவீத வட்டி மானியம், தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை, 6 சதவீத வட்டி மானியத்தோடு.

தொழிலில் பின்தங்கிய பகுதிகளுக்கான முதலீட்டு மானியத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வரிசை தலைகீழ். இந்த மானியத்தை உற்பத்தி தொடங்கிய பிறகே கேட்க வேண்டும். கேட்பதற்குக் கெடுவும் உண்டு. பின்தங்கிய பகுதி என்பது ஊராட்சி ஒன்றியக் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. ஜனங்களோ பட்டாவில் இருக்கும் வட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு இடம் வாங்குகிறார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஓர் ஒன்றியம், அந்தப் பக்கம் வேறோர் ஒன்றியம் என்று இருக்கும் ஊர்கள் நம் நாட்டில் ஏராளம். ஆகவே கிரயப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே, ‘இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இது பட்டியலில் உள்ள ஒன்றியமா?’ என்று தொழில் மையத்தின் பொது மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லும் குமாஸ்தா அடுத்த வருஷம் வேறு ஊரில் இருப்பார். பழைய மெஷினுக்கு மானியம் கிடையாது. ரொக்கத்தில் வாங்கியதை நிரூபிக்க முடியாது. பணம் வங்கிக் கணக்கின் வழியாகவே போக வேண்டும்.

மாவட்டத் தொழில் மையங்கள் 1978-இல் தோற்றுவிக்கப்பட்டபோது, சிறுதொழிலுக்கு வேண்டிய சகலமும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் என்பதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. கூரை இருக்கிறது. எந்தத் திட்டத்துக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைக்கத்தான் இத்தனை வருஷத்திலும் பல இடங்களில் மனம் வரவில்லை. ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்புவதும், அதைக் கொண்டுவந்த பிறகு இன்னொன்று குறைகிறது என்பதும் உத்தியோகஸ்தர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆகவே குறைகளையெல்லாம் ஒரே தடவையில் எழுத்தில் தரும்படி கேளுங்கள். மனு அசைவற்றுக் கிடந்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், ‘என் மனு எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போயிற்று, இன்று யாரிடம் இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள்; பதில் 30 நாளில் வர வேண்டும். கோபத்தைக் கொட்டி நான்கு பக்கம் எழுதினால் ஒன்றுக்கும் பதில் வராது.

வங்கியில் வேறு விதமான தொல்லை. சிறுதொழில் கடனில் ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையில் ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவா என்று சொல்லும் கிளைகள் இன்றும் இருக்கின்றன. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பவையும் விதிகளே. ரசீது வாங்காமல் வருகிறவர் மனுக் கொடுத்தவரே அல்லர். கிளை இவ்விதிகளை மீறினால், முதலில் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு எழுதி, ஒரு நகலை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் செலவின்றி முறையிடலாம். கடன் கொடுத்தே தீர வேண்டும் என்று அவர் ஆணையிட மாட்டார், அது வங்கியின் வியாபாரத் தீர்மானம். ஆனால் ரசீது மறுத்ததையும், கேட்கக் கூடாத ஈட்டைக் கேட்டதையும் அவர் விசாரிப்பார்.

இனி, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் இப்பதிவு முற்றிலும் இலவசம்; ஆதாரும் பான் எண்ணும் போதும், ஜி.எஸ்.டி. உள்ளவர்கள் அந்த எண்ணையும் தர வேண்டும். இலவசமான இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் போலித் தளங்கள் அரசு முத்திரை போன்ற சித்திரத்தோடு இயங்குகின்றன. தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடியாவிட்டால் அதில் ஒரு எழுத்தும் நிரப்பாதீர்கள். பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் ‘உற்பத்தி’ என்பதற்குப் பதில் ‘வணிகம்’ என்று தட்டிவிட்ட சான்றிதழ்களையும் பார்த்திருக்கிறேன். இது அற்ப விஷயம் அன்று. வணிகர்களுக்கு இப்பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே, பாக்கி வசூலுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. சான்றிதழை வாங்கியவுடன் அதில் தொழிலின் தன்மை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை வாசித்துப் பாருங்கள்.

அந்தப் பாதுகாப்புத்தான், என் அபிப்பிராயத்தில், எல்லா மானியத்தையும்விடப் பெரிய சலுகை. கோவையில் பம்புக்கு உதிரி கடைந்து கொடுக்கிறவரும், திருச்சியில் பெரிய ஆலைகளுக்கு ஃபேப்ரிகேஷன் செய்கிறவரும் மானியம் கிடைக்காமல் மூடியதைவிட, போட்ட சரக்குக்குப் பணம் வராமல் மூடியதே அதிகம். 2006-ஆம் வருஷச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் 45 நாளுக்கு மிகாமலும் பணம் கொடுக்க வேண்டும். பர்சேஸ் ஆர்டரில் ‘90 நாள்’ என்று அச்சடித்திருந்தால் அது செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். ‘சரக்கு சரியில்லை’ என்று ஆறு மாதம் கழித்துச் சொல்லும் வழக்கமும் எடுபடாது. ஆட்சேபம் இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குவது உயிர் போன்றது. கேட்டில் காவலாளி கிறுக்கிய கையெழுத்தை நம்பிச் சரக்கை இறக்கிவிட்டு வருகிறார்கள், பிறகு அழுகிறார்கள்.

வசூலுக்கு வசதியாக்கக் குழுவில் மனுச் செய்ய வேண்டும். நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் அவை இருக்கின்றன. மனு இணையத்தின் வழியே. உத்யம் சான்றிதழ், ஆர்டர், பில்கள், சீலுள்ள சலான்கள், கணக்கு விவரம், பணம் கேட்டு அனுப்பிய கடிதங்கள் ஆகியவை தயாராக இருக்கட்டும். குழு முதலில் சமரசம் பேசும், பிறகு தீர்ப்பளிக்கும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், முடியாமல் இழுப்பது அனுபவம். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக விரும்பும் கொள்முதல்காரர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும் என்பதால், பலர் சமரசத்துக்கே வந்துவிடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் பாக்கியைத் தூங்கவிடாதீர்கள். உத்யம் பதிவு, சரக்கு போடுவதற்கு முன்பே இருக்க வேண்டும். வழக்குப் போடும் நாளில் எடுத்த பதிவு பழைய பில்லைக் காப்பாற்றாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு மார்ச் மாதமும் பெரிய கம்பெனிகளிலிருந்து, ‘நீங்கள் குறு, சிறு நிறுவனமா?’ என்று கேட்டுக் கடிதம் வரும். வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் சேர்த்த ஏற்பாட்டின்படி, இத்தகைய நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்பதே அதற்குக் காரணம். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாமல், உத்யம் எண்ணையும் நிலுவைப் பட்டியலையும் சேர்த்து அன்றே பதில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைச் சலான் கட்டோடு சேர்த்து வையுங்கள். பதிவை ரத்துசெய்துவிட்டு வந்தால்தான் ஆர்டர் என்று எவரேனும் சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்கள்.