பூட்டிப் பார்த்தால் புரியும் வாத்தியம்

மின்சாரக் கிதாரைத் தம் வீட்டிலேயே உருவாக்கிக்கொள்ள விரும்புவோர்க்கென்று விற்கப்படும் 'கிட்' ஒன்றை வாங்கித் திறந்தால், பள்ளங்கள் குடைந்த மரப்பலகையும், மெட்டுகள் பதித்த நீண்ட கழுத்தும், ஆறு முறுக்காணிகளும், குதிரையும், காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் அடங்கிய 'பிக்கப்'களும், ஒரு பொட்டலம் திருகாணிகளும் தனித்தனியே கிடக்கக் காண்போம். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து நாதம் எழச் செய்வதை நல்ல பொழுதுபோக்கு என்பாரும், பணத்துக்குச் சிக்கனம் என்பாரும் உண்டு. அவ்விரு கூற்றும் மெய்யே. ஆனால் ஒரு வாத்தியத்தின் ஒவ்வோர் அங்கமும் எந்தக் காரணம் பற்றி அந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்னும் ஞானம், வாசிப்பவனுக்கு அவன் கைவழியாகவே சித்திப்பதுதான் இந்தப் பிரயாசையின் பிரதான பலன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இவ்வாறு உறுப்பு உறுப்பாகப் பிரிக்கவும் பூட்டவும் இந்த வாத்தியம் இடங்கொடுக்கிறதென்றால், அதற்கு முக்கிய காரணர் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர். கலிபோர்னியா மாகாணத்து ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. எனினும் கெட்டுப்போய் வந்த பொருளைப் பிரித்து, குறை இருக்கும் இடத்தைக் கண்டு, அதை மட்டும் மாற்றிப் பூட்டிக் கொடுக்கும் தொழிலின் தர்மம் அவருக்கு மிக நன்றாகத் தெரியும். கிதாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு நிரந்தரமாக இணைத்துவிடுவதே அக்காலத்து மரபாக இருந்தது; கழுத்து கோணினாலோ மெட்டுகள் தேய்ந்தாலோ, தேர்ந்த வாத்தியத் தச்சரை நாடிச் செல்வது தவிர வேறு மார்க்கமில்லை. 1950-ல் ஃபெண்டர் வெளியிட்டு, மறு வருஷம் டெலிகாஸ்டர் என்று நாமகரணம் செய்த கிதாரிலோ, கழுத்து நான்கே திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப்களும் குமிழ்களும் ஒரே மேல்தகட்டில் பொருத்தப்பட்டிருந்தமையால், அந்தத் தகட்டைக் கழற்றினால் மின்சார அமைப்பின் பெரும்பகுதி கையோடு வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டினால், வாசிப்பவர்களே தங்கள் வாத்தியத்தின் சிற்பிகளாகும் வாய்ப்புப் பிறந்தது. கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-ல் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கி, மூன்றைச் சக கலைஞர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றிலும் சிறந்தனவற்றைப் பொறுக்கிச் சேர்த்து அமைத்துக்கொண்ட கிதார்தான் 'பிளாக்கி'. 2004-ல் அது தர்ம காரியத்துக்காக ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விலைபோயிற்று. எட்டி வான் ஹாலன் என்ற மற்றொரு கலைஞரோ, குறையுள்ளதென்று ஒதுக்கப்பட்ட ஓர் உடலையும் தனியே விற்ற ஒரு கழுத்தையும் மலிவாக வாங்கி, வேறொரு கிதாரிலிருந்து எடுத்த பிக்கப்பை உருக்கிய மெழுகில் தோய்த்துப் பொருத்தினார். 1978-ல் வெளியான அவர் குழுவின் முதல் இசைத்தட்டு அந்த ஒட்டுக் கிதாரின் கீர்த்தியை உலகெங்கும் பரப்பிற்று.

இனி, செய்முறையைக் காண்போம். முதல் வேலை தச்சு வேலை. உடல் பெரும்பாலும் பாஸ்வுட் போன்ற மென்மையான மரமாக இருக்கும். அதை 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 220 என்று படிப்படியாக நுண்ணிய தாளுக்குப் போய், எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே இழுத்த ஒரு கோடு வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து, சாயம் ஏறிய மறுகணமே வெளிப்பட்டுவிடும். வார்னிஷையோ லாக்கரையோ மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை கொடுத்து, ஒவ்வொன்றும் உலரும்வரை பொறுத்திருப்பதே உத்தமம். கழுத்து வந்து உட்காரும் குழியில் மட்டும் பூச்சு படியவிடலாகாது. மரமும் மரமும் நேருக்கு நேர் இறுகப் படிந்தால்தான் அந்த மூட்டு அசையாமல் நிலைக்கும்.

அடுத்தது கணக்கு. நமது வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளை மெழுகின்மேல் வைத்து, சுருதி அறிந்த ஆசாரி தம் செவியைக் கொண்டே இடம் நிர்ணயிக்கிறார்; கிதாரிலோ கணிதம் குறித்துக்கொடுத்த இடத்தில் மெட்டுகள் கழுத்தில் அறைந்து பதிக்கப்படுகின்றன. ஃபெண்டர் வகைக் கிதாரில், தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் மேருவிலிருந்து குதிரை வரையுள்ள நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் கிடைக்கும் 36.4 மில்லிமீட்டரில் முதல் மெட்டு அமையும். மிச்ச நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுக்க, முதல் மெட்டிலிருந்து இரண்டாவது மெட்டின் தூரம் கிடைக்கும். இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு 324 மில்லிமீட்டரில், சரிபாதியில் வந்து நிற்க, மேல் ஸ்தாயி பிறக்கிறது. கழுத்தில் இக்கணக்கை முன்பே முடித்துக் கொடுத்திருந்தாலும், குதிரையைச் சில கிட்களில் நாமேதான் பொருத்த வேண்டியிருக்கும். மேருவுக்கும் பன்னிரண்டாவது மெட்டுக்கும் உள்ள தூரமும், அந்த மெட்டுக்கும் குதிரைக்கும் உள்ள தூரமும் ஒத்திருக்கின்றனவா என்று அளந்து, கழுத்தின் இரு ஓரங்களையும் ஒட்டி நூல் பிடித்துப் பார்த்து, கம்பிகள் ஒருபக்கமாக ஒதுங்காமல் ஓடும் என்று நிச்சயித்த பிறகே துளையிட வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை ஒன்றே இதற்கு ஆதாரம்: சுருளின் ஊடே செல்லும் காந்த விசை மாறுபட்டால், அச்சுருளில் மின்சாரம் தோன்றும். காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது அவ்விசை அதிர்வுக்கு இசைய மாறுகிறது; 0.06 மில்லிமீட்டர் கனமே உள்ள செம்புக் கம்பியைச் சுமார் 8,000 சுற்றுச் சுற்றிய பிக்கப், அந்த மாறுபாட்டை மின்னோட்டமாக்கி அனுப்புகிறது. ஓசைக் குமிழ் அதன் அளவைக் குறைக்கிறது. இன்னொரு குமிழோடு இணைந்த சிறு கப்பாசிட்டர், உச்ச ஓசைகளைப் பூமிக் கம்பிக்குத் திருப்பி நாதத்தை மிருதுவாக்குகிறது. ஈயம் பற்றவைக்கும்போது, சூட்டுக்கோலால் ஈயத்தைச் சுடாமல் இணைக்க வேண்டிய உலோகத்தைச் சுட்டு, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகிப் பரவுமாறு செய்தால்தான் இணைப்பு உறுதிப்படும். குதிரையிலிருந்து பூமிக் கம்பிக்கு ஓர் இணைப்புக் கொடுக்க மறந்தவர்களின் கிதார் ஓயாது இரையும்.

இவ்வளவும் முடிந்து கம்பி மாட்டியவுடன் வாத்தியம் ஆயத்தமாகிவிட்டதென்று எண்ணுவோர், உண்மையில் அப்போதுதான் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆறு கம்பிகளும் சுருதி சேர்ந்த நிலையில், நாற்பது கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்தினுள் ஓர் எஃகுத் தண்டு புதைந்திருக்கிறது. கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அந்தத் தண்டைக் கால் திருகு திருகி, கழுத்து புதிய நிலைக்குப் பழகும்வரை பொறுத்து, மறுபடி பார்ப்பதே முறை. ஒரு மெட்டு மற்றவற்றினும் மயிரிழை உயர்ந்திருந்தாலும் கம்பி அதில் உரசிக் கரகரக்கும். அத்தகைய மெட்டைத் தேடிக் கண்டு, அரத்தால் மட்டப்படுத்தி, உச்சியை மறுபடி வளைவாக்குவது அலாதியான பொறுமையை வேண்டும் வேலை.

கடைசியாக வரும் சுருதிச் சோதனையில்தான் கணிதமும் செவியும் சந்திக்கின்றன. கம்பியை மெட்டின்மேல் அழுத்துகையில் அது சற்று இழுபடுவதால், கணக்கு சொல்வதைவிட ஸ்வரம் சிறிது ஏறிவிடுகிறது. ஆகவே பன்னிரண்டாவது மெட்டுக்கு நேரே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டிப் பெற்ற ஸ்வரத்தையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டிய ஸ்வரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் குதிரையில் அந்தக் கம்பியின் தாங்கியைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். கிதாரின் குதிரையில் ஆறு தாங்கிகளும் ஒரே வரிசையில் நில்லாமல் முன்னும் பின்னுமாக நிற்பதற்குக் காரணம் இதுவே. பல வருஷம் வாசித்தவர்களும் கேட்டறியாத இக்காரணத்தை, ஒரு கிதாரைப் பூட்டியவன் தன் செவியாலேயே அறிந்துவிடுகிறான்.

கிட் என்ற வசதியே இல்லாமல் இந்த வித்தையைப் பரிபூரணமாகக் கற்றவர்களுக்கு உதாரணம், லண்டன் புறநகரில் வாழ்ந்த பிரையன் மேயும் அவர் தந்தை ஹரால்டும் ஆவர். கடையில் விற்ற உயர்ந்த கிதாரை வாங்க வசதியில்லாமையால், 1963-ல், பதினாறு வயது மாணவராக இருந்த பிரையன், மின்னணுப் பொறியாளரான தந்தையோடு சேர்ந்து சொந்தமாக ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பைச் சுற்றியிருந்த மஹாகனிச் சட்டம் கழுத்தாயிற்று. அதிலிருந்த புழுத் துளைகள் தீக்குச்சிகளால் அடைபட்டன. அன்னையின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் மெட்டுகளிடையே அடையாளப் புள்ளிகளாயின. கம்பிகளின் இழுப்புக்கு ஈடுகொடுக்கப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு பொருத்தப்பட்டன. பிக்கப்களையும் முதலில் அவர்களே சுற்றினார்கள். ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து வாசித்தபோது அவற்றில் வேண்டாத ஓசை எழவே, பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப்கள் மூன்றை வாங்கிப் பொருத்தினார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் பூர்த்தியான 'ரெட் ஸ்பெஷல்' என்னும் அந்தக் கிதாரே 'குயீன்' இசைக்குழுவின் நாதத்துக்கு அடையாளமாக நிலைத்தது. 2002-ல் எலிசபெத் ராணியின் பொன்விழாவின்போது பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று பிரையன் வாசித்ததும் அதைத்தான்.

எல்லோருக்கும் அத்தகைய தந்தையும் பட்டறையும் வாய்ப்பதில்லை. அந்தக் குறையைத்தான் கிட் ஓரளவு நிவர்த்தி செய்கிறது: அளவு தவறினால் அனைத்தும் பாழாகும் வேலைகளைத் தொழிற்சாலை முடித்துக் கொடுத்துவிட, மெருகும் இணைப்பும் சுருதியும் கற்பவன் பங்காக விடப்படுகின்றன. இசையில் ஈடுபாடுள்ள இளைஞன் ஒருவனுக்குப் பெற்றோர் கிதார் வாங்கிக் கொடுக்க எண்ணினால், அவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்வேன். கடைக் கிதாரின் மெட்டு தேய்ந்தால், அல்லது இணைப்பு விட்டுப்போனால், அதன் சொந்தக்காரன் பிறர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரிடும்; தானே பூட்டியவனோ திருப்புளியை எடுத்துக்கொண்டு குறை எங்கே என்று தேடத் தொடங்குவான். அந்த ஆற்றல் அவன் கிதாரோடு நில்லாது, அவன் தோழர்களின் வாத்தியங்களுக்கும் உதவும்; வாசிப்பவரும் பழுதுபார்ப்பவரும் ஒருவராகவே இருக்கும் ஒரு சிறு சமூகம் ஊருக்கு ஊர் உண்டாகுமானால், இசைக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.