பாப்பாவின் தலை ஏன் சப்பையாகிறது?

வீட்டில் இரண்டு, மூன்று மாதக் குழந்தை இருக்கிறதா? அம்மா மடியில் வைத்திருக்கும்போது உச்சிக்கு நேர் மேலே இருந்து அதன் தலையைப் பாருங்கள். பின்மண்டையில் ஒரு பக்கம் தட்டையாகவும், அந்தப் பக்கத்துக் காது சற்று முன்தள்ளியும் இருக்கக்கூடும். இது அபூர்வமன்று. கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுக் குழந்தைகள் 440 பேரைச் சோதித்தபோது 205 பேருக்கு இப்படி இருந்தது, பெரும்பாலோருக்கு லேசாகத்தான். மருத்துவர்கள் இதை பிளேஜியோசெஃபலி என்பார்கள். நம் பாட்டிமார் ‘தலை சப்பையாயிடுச்சு’ என்பார்கள்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புத் தகடுகளை நார்த்திசு இணைத்திருக்கிறது. இந்த இணைப்புகளுக்குத் தையல் மூட்டுகள் என்று பெயர். தகடுகள் சந்திக்கும் இடத்தில் உள்ள மெத்தென்ற பகுதிதான் உச்சிக்குழி. பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச்சுற்றளவு, ஒரு வயதில் 46 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். உள்ளே மூளை வளர வளர, ஓடும் விரிகிறது. மெத்தை தடுக்கும் பக்கத்தில் விரிய முடியாததால் வளர்ச்சி வேறு பக்கம் திரும்புகிறது. பந்தலில் தொங்கும் பூசணி உருண்டையாகவும் தரையில் கிடப்பது அடிப்பக்கம் தட்டையாகவும் வளர்வதைப் போலத்தான். எலும்பு நசுங்குவதில்லை; வளரும் திசைதான் மாறுகிறது.

அழுத்தம் = விசை ÷ பரப்பளவு என்று படித்திருப்பீர்கள். உருண்டையான தலை மெத்தையைத் தொடும் பரப்பு சிறியது. எனவே அங்கு அழுத்தம் அதிகம். கொஞ்சம் தட்டையாகிவிட்டால் அடுத்த சிக்கல் வருகிறது: தலை எப்படித் திருப்பி வைத்தாலும் அந்தத் தட்டைப் பக்கத்துக்கே உருண்டு வந்துவிடும். அதனால் தட்டை மேலும் தட்டையாகிறது.

குளிப்பாட்டும்போது எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிவிட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உருட்டுவது ஐந்து நிமிடம். முதல் மூன்று மாதங்களில் குழந்தை தூங்குவதோ நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம். வெல்லப்போவது மெத்தைதான்.

‘அப்படியானால் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கலாமே?’ கூடவே கூடாது. மேலை நாடுகளில் ஒரு காலத்தில் அப்படித்தான் தூங்க வைத்தார்கள். குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்திலேயே திடீர் மரணம் நேரும் ஆபத்து அதிகம் என்று தெரிந்ததும், மல்லாக்கப் படுக்க வைக்கும்படி 1992ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுறுத்தியது. பத்தாண்டுகளுக்குள் அங்கு அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சப்பைத் தலை அதிகமானது அதற்குப் பிறகுதான். உயிருக்கு முன்னால் அது மிகச் சிறிய விலை.

நடுவில் குழி வைத்த தலையணையும் கடுகுத் தலையணையும் வேண்டாம். தலையை உருண்டையாக்கும் என்று விற்கப்படும் தலையணைகளால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு என 2022ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தூளியைப் பொறுத்தவரை, துணி தலையை அணைத்துக்கொள்வதால் அழுத்தம் பரவும் என்பது இயற்பியல்படி சரி. ஆனால் உடல் வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் குறுகலாம். தூக்கத்திற்குச் சமமான, கெட்டியான மெத்தையே நல்லது.

பகலில்தான் நமக்கு வேலை இருக்கிறது. குழந்தை வெளிச்சத்தையும் ஆள் முகத்தையும் தேடித் திரும்பும். சுவா சூ காங் வீவக வீட்டின் படுக்கையறையில் தொட்டில் பெரும்பாலும் சுவரை ஒட்டியே இருக்கும். சுவரில் பார்க்க என்ன இருக்கிறது? கதவுப் பக்கமே தலை திரும்பிக் கிடக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். விட்டுவிட்டு, நாளில் மொத்தம் அரை மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தை அதிகம் திரும்பாத பக்கம் நீங்கள் உட்கார்ந்து அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படியுங்கள். குரல் வரும் திசைக்குத் தலை திரும்பும். உங்களுக்கும் பாடம் முடியும்.

பெரும்பாலான தலைகள், குழந்தை புரண்டு உட்காரத் தொடங்கியதும் மெல்லச் சீராகின்றன. இதற்கென விற்கப்படும் தலைக்கவசத்தை நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2014ல் வெளிவந்த முடிவின்படி, இரண்டு வயதில் முழுமையாகச் சீரானவர்கள் கவசம் அணிந்தோரில் 26 விழுக்காடு, அணியாதோரில் 23 விழுக்காடு. பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் கழுத்து ஒரே பக்கம் மட்டும் திரும்பினால் தசை இறுகியிருக்கலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை உதவும். தையல் மூட்டு ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்வதும் அரிதாக உண்டு. அப்போது மண்டையில் மேடு தட்டுப்படலாம். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும். தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போகும்போது, ‘தலையையும் ஒருமுறை பாருங்கள்’ என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.